சனிக்கிழமைக்காகக் காத்திருக்கும் கோபம்

கேள்வி இது: ஆஸ்திரேலியாவில் மத்திய அரசியல்வாதிகள் மாற்றி மாற்றிச் சர்ச்சைகளில் சிக்குகிறார்கள். ஆனால் மறியல், கடையடைப்பு, உருவபொம்மை எரிப்பு என்று எதுவும் பெரிதாக நடப்பதில்லை. அங்குள்ளவர்களுக்கு அரசியலில் அக்கறையே இல்லையா?

அக்கறை இருக்கிறது. நாம் பார்த்துப் பழகிய உருவத்தில் அது வெளியே வருவதில்லை, அவ்வளவுதான். காரணத்தில் பாதி, தேர்தல் விதிகளில் இருக்கிறது. 1924-இல் கொண்டுவந்த சட்டப்படி மத்தியத் தேர்தலில் வாக்களிப்பது கட்டாயம். தக்க காரணமில்லாமல் போகாதவருக்கு 20 டாலர் அபராதம். சிறிய தொகைதான், ஆனாலும் ஒவ்வொரு தேர்தலிலும் பத்தில் ஒன்பது பேர் வாக்களித்துவிடுகிறார்கள். தேர்தல் சனிக்கிழமையில்தான் நடக்கும். பள்ளிக்கூட வாசலில் சாசேஜ் வாட்டி விற்பார்கள், ஆட்கள் குழந்தைகளையும் நாயையும் கூட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். கீழவையின் ஆயுள் மூன்றே ஆண்டுகள். ஆகவே கோபப்பட்டவர் வாக்குச்சாவடிக்கு வருவாரா என்ற சந்தேகம் இங்கே எந்தக் கட்சிக்கும் கிடையாது. நிச்சயம் வருவார், அதுவும் சீக்கிரமே வருவார்.

1918 முதல் நடைமுறையில் இருக்கும் விருப்ப வரிசை வாக்கு இன்னொரு விதி. வேட்பாளர்கள் எல்லோருக்கும் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். நம் கட்சி மேல் கோபம் என்றால் முதல் எண்ணை ஒரு சுயேச்சைக்குப் போட்டுவிட்டு, எதிர்க்கட்சியைக் கடைசிக்குத் தள்ளலாம். சுயேச்சை தோற்றாலும் வாக்கு வீணாகாது, அடுத்த எண்ணுக்கு நகரும். நம் ஊரில் 'ஓட்டு பிரிந்துவிடும்' என்று அஞ்சி பிடிக்காத கட்சிக்கே மறுபடி குத்துகிறோமே, அந்த நெருக்கடி இங்கே குறைவு.

மறுபாதிக் காரணம் அவ்வளவு நல்லதல்ல, அதைத்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். மக்களின் கோபம், நடந்த தவறின் அளவுக்கு ஏற்ப எழுவதில்லை. 'இது எனக்கும் நடந்திருக்கலாம்' என்றோ 'நான் இதைச் செய்தால் விடுவார்களா' என்றோ தோன்றும் இடத்தில்தான் எழுகிறது. அப்படித் தோன்றாத இடத்தில் எவ்வளவு பெரிய அநியாயமும் ஆண்டுக்கணக்கில் நடக்கலாம்.

2015 ஜூலையில் வெளிவந்த செய்தி ஒன்று. கீழவைச் சபாநாயகர் பிரான்வின் பிஷப், முந்தைய நவம்பரில் மெல்பர்னிலிருந்து ஜீலாங் பக்கம் நடந்த, அன்று ஆட்சியில் இருந்த பழமைவாத லிபரல் கட்சியின் நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு வாடகை ஹெலிகாப்டரில் போயிருக்கிறார். காரில் போனால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மணிக்கு மணி ரயிலும் உண்டு. ஹெலிகாப்டருக்கு 5,227 டாலர், அதைக் கட்டியது அரசு. பணத்தைத் திருப்பிக் கட்டுகிறேன் என்றார், மன்னிப்புக் கேட்க மட்டும் இரண்டு வாரம் தயங்கினார். பிரதமர் டோனி அபட் அவரைக் காப்பாற்றப் பார்த்தார். வானொலியில் நேயர்கள் பேசும் நிகழ்ச்சிகள் நாள் முழுக்க இதையே பேசின. சமூக ஊடகத்தில் ஹெலிகாப்டர் படங்கள் குவிந்தன. ஆகஸ்ட் 2 அன்று அவர் பதவி விலகினார். செய்தி வந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

இங்கே அரசியலில் அடிக்கடி அடிபடும் ஒரு சொல் 'பப் டெஸ்ட்'. மதுக்கடை மேசையில் உட்கார்ந்திருக்கும் சாதாரண ஆள் காதில் விழுந்தால் 'சரிதான்' என்பாரா, முகம் சுளிப்பாரா என்பதே சோதனை. விதிமுறைப்படி சரியா என்பது அதற்குப் பிறகுதான். ஹெலிகாப்டர் அந்தச் சோதனையில் தோற்றது. லேபர் கட்சியின் செனட்டர் சாம் டஸ்டியாரி, தன் பயணச் செலவு வரம்பைத் தாண்டிய 1,670 டாலரைச் சீனத் தொடர்புள்ள நிறுவனமொன்று கட்டவிட்டது தெரியவந்தபோது அவரும் 2016-இல் நாடாளுமன்றத்தில் கட்சியின் முன்னணிப் பொறுப்பை இழந்தார். அந்தத் தொடர்புகள் பற்றி மேலும் செய்திகள் வந்ததும் மறு ஆண்டு டிசம்பரில் செனட்டை விட்டே போவதாக அறிவித்தார். 2017 ஜனவரியில் சுகாதார அமைச்சர் சூசன் லே, அரசுப் பயணத்தோடு சேர்த்துக் கோல்ட் கோஸ்டில் அடுக்ககம் வாங்கினார் என்ற சர்ச்சையில் விலகினார். அவர் விலகிய அன்றே, நாடாளுமன்ற உறுப்பினர்களின் செலவுகளைக் கண்காணிக்கத் தனி ஆணையம் அமைப்பதாகப் பிரதமர் டர்ன்புல் அறிவித்தார், அமைத்தார்கள். இவையெல்லாம் நல்ல விளைவுகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் தொகைகளை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

ரோபோடெட். சோதனை ஓட்டமாக 2015-இல் தொடங்கி 2016-இல் நாடு முழுக்க விரிந்த திட்டம். சென்டர்லிங்க் என்ற அரசு நலத்துறை அலுவலகம் வழியாக உதவித்தொகை வாங்கியவர்கள் வருமானத்தை மறைத்தார்களா என்று கணினியே கண்டுபிடிக்கும் என்றார்கள். கணக்கு இப்படி. ஒரு மாணவி ஜூலை முதல் டிசம்பர் வரை வேலை இல்லாமல் உதவித்தொகை வாங்குகிறாள். ஜனவரி முதல் ஜூன் வரை வேலை பார்த்து 26,000 டாலர் சம்பாதிக்கிறாள், உதவித்தொகையை நிறுத்திவிடுகிறாள். எதையும் அவள் மறைக்கவில்லை. கணினியோ வரித்துறையிடமிருந்து 26,000 என்ற ஆண்டு வருமானத்தை எடுத்து, ஆண்டின் 26 இருவாரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டுவிடும். அப்படிப் பார்த்தால் வேலையில்லாத மாதங்களிலும் இருவாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதித்திருக்கிறாள். ஆகவே அவள் வாங்கிய உதவித்தொகை கடன். சில ஆண்டு கழித்து வீட்டுக்குக் கடிதம் வரும். கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவளுடையது. பழைய சம்பளச் சீட்டுகளைத் தேட வேண்டும். வேலை கொடுத்த கடை மூடியிருந்தால் அதுவும் அவள் பாடு. பதில் சொல்லாதவர்கள் மேல் கடன் வசூல் நிறுவனங்களை ஏவினார்கள்.

2016 கடைசியில் வாரத்துக்கு 20,000 கடிதங்கள் என்ற வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. துறை அமைச்சர் ஆலன் டஜ் தொலைக்காட்சியில் தோன்றி, கடன்பட்டவர்களைத் தேடிப் பிடிப்போம், சிறைக்கும் போக நேரிடலாம் என்று எச்சரித்தார். மனம் உடைந்தவர்களுக்குச் சென்டர்லிங்கின் ட்விட்டர் கணக்கு, தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் கொடுத்தது.

மக்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலானவர்கள் ஒன்றும் செய்யவில்லை. இதை எழுதவே வருத்தமாக இருக்கிறது. 'டோல்' (அரசு உதவித்தொகை) வாங்குகிறவன் என்ற ஏளனம் இந்தச் சமூகத்தில் பல காலமாக உண்டு. கடன் கடிதம் வந்தவர் ஏதாவது தப்புப் பண்ணியிருப்பார் என்று அண்டை வீட்டார் நினைத்தார்கள். பலருக்குத் தங்கள் குடும்பத்திடம் சொல்லவே வெட்கமாக இருந்தது. எதிர்ப்பு, பாதிக்கப்பட்டவர்களிடமிருந்தும் சில தன்னார்வலர்களிடமிருந்தும்தான் வந்தது. 'நாட் மை டெட்' என்ற பெயரில் இணையத்தில் ஒன்று கூடினார்கள், பெயர் சொல்ல விரும்பாதவர்களின் அனுபவங்களைத் திரட்டிப் போட்டார்கள், கடிதம் வந்தவருக்கு எப்படி மறுப்பது என்று கற்றுக்கொடுத்தார்கள். சட்ட உதவி மையங்கள் வழக்கைக் கையில் எடுத்தன. தன்னுடைய கதையைப் பொதுவில் சொன்ன சிலரின் சொந்த விவரங்கள் ஊடகத்துக்குப் போயின. உதவித்தொகை பெறுவோரின் தகவல்களை டஜ் ஊடகத்தில் அப்படிப் பயன்படுத்தியது அதிகாரத் துஷ்பிரயோகம் என்று, இத்திட்டத்தை விசாரிக்க அமைந்த ராயல் கமிஷன் பிற்பாடு சொன்னது.

இவ்வளவு நடந்துகொண்டிருக்கும்போதே 2019 மே 18-இல் பொதுத் தேர்தல் வந்தது. அதே அரசு மறுபடி வென்றது. அந்தத் தேர்தல் மேடைகளில் ரோபோடெட் ஒரு முக்கியப் பேச்சாகக்கூட இருக்கவில்லை. ஐயாயிரம் டாலர் ஹெலிகாப்டருக்கு நாடே கொதித்ததே, அதே நாடுதான் இது.

திட்டத்தை நிறுத்தியது நீதிமன்றம்தான். 2019 நவம்பரில் ஒரு பெண்ணின் வழக்கில், அந்தக் கடன் சட்டப்படி செல்லாது என்று அரசே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. மறு ஆண்டு மே மாதம் 721 மில்லியன் டாலரைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். கூட்டு வழக்கின் சமரசத்துக்கு 2021 ஜூனில் ஒப்புதல் தந்த மத்திய நீதிமன்ற நீதிபதி, இது நாட்டின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் வெட்கக்கேடான அத்தியாயம் என்றார். நான்கு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் மேல் ஒரு பில்லியன் எழுநூறு மில்லியன் டாலருக்கும் மேல் இல்லாத கடனைச் சுமத்தியிருந்தார்கள். ஆட்சி மாறி, கேத்தரின் ஹோம்ஸ் தலைமையில் ராயல் கமிஷன் அமைந்தபோதுதான் நாடு கண் திறந்து பார்த்தது. மகன்களைத் தற்கொலையில் இழந்த இரண்டு தாய்மார்கள் அந்த விசாரணையில் பேசினார்கள். 2023 ஜூலை 7-இல் வந்த அறிக்கை, திட்டத்தைக் கொடூரமானது, நியாயமற்றது, சட்டத்துக்குப் புறம்பானது என்றது. அமைச்சரவை தவறாக வழிநடத்தப்பட இடம் கொடுத்தார் என்று, திட்டம் உருவான காலத்தில் சமூக சேவைகள் அமைச்சராக இருந்து பின்பு பிரதமரான ஸ்காட் மொரிசன் மீதும் அது குற்றம் கண்டது. அவர் அதை மறுத்தார்.

இதற்குப் பிறகு நடந்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கமிஷன் ஆறு பேரின் பெயரை, புதிதாக அமைந்திருந்த தேசிய ஊழல் தடுப்பு ஆணையத்துக்கு அனுப்பியது. 2024 ஜூனில் ஆணையம், விசாரிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டது. அன்றைய தலைப்புச் செய்தி இரண்டு நாளில் மறைந்திருக்கலாம். ஆனால் ஆணையத்தை மேற்பார்க்கும் இன்ஸ்பெக்டருக்குச் சாதாரண மக்கள் புகார் எழுதத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 900 புகார்கள். இன்ஸ்பெக்டர் கெயில் ஃபர்னஸ் விசாரித்தார். ஆறு பேரில் ஒருவருடன் பழக்கம் உண்டு என்று அறிவித்திருந்த ஆணையத் தலைவர் பால் பிரரட்டன், அந்த முடிவிலிருந்து முழுமையாக விலகி நிற்கவில்லை, அது தவறு என்று அக்டோபரில் அறிக்கை தந்தார். வெளியிலிருந்து ஒரு முன்னாள் நீதிபதி மறுபரிசீலனை செய்தார். 2025 பிப்ரவரியில் ஆறு பேரையும் விசாரிக்க முடிவானது. அந்தச் செப்டம்பரில் மேலும் 475 மில்லியன் டாலர் இழப்பீட்டுக்கு அரசு இணங்கியது. ஊர்வலம் இல்லை, மேடை இல்லை. 900 பேர் மேசையில் உட்கார்ந்து புகார் எழுதினார்கள். 'அவர்கள் பொருட்படுத்துவதில்லையா' என்று கேட்டீர்களே, ஹெலிகாப்டர் கதையைவிட இதைத்தான் நான் பதிலாகச் சொல்வேன்.

மக்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போன சர்ச்சைகளும் உண்டு. 2017-இல் இரட்டைக் குடியுரிமைச் சிக்கல் வந்தது. அரசியல் சாசனத்தின் 44-ஆம் பிரிவுப்படி வேறு நாட்டுக் குடியுரிமை உள்ளவர் நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது. துணைப் பிரதமர் பார்னபி ஜாய்ஸ் தந்தை வழியில் நியூசிலாந்துக் குடிமகன் என்று தெரியவந்தது. அக்டோபர் 27-இல், நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அவரோடு சேர்த்து ஐந்து பேரைத் தகுதி நீக்கியது. ஜாய்ஸ் அந்தக் குடியுரிமையைத் துறந்துவிட்டு டிசம்பர் 2 இடைத்தேர்தலில் நின்றார். நியூ இங்கிலாந்து தொகுதி மக்கள் முதல் விருப்ப வாக்கிலேயே ஏறக்குறைய 65 சதவீதத்தை அவருக்குக் கொடுத்தார்கள். மறு ஆண்டு இதே காரணத்தால் பதவி விலகி மறுபடி நின்ற மற்றவர்களும் வென்றார்கள். பெற்றோரில் ஒருவராவது வெளிநாட்டில் பிறந்தவர்கள் நிறைந்த நாடு. அப்பா பிறந்த ஊருக்காக ஒருவரைத் தண்டிக்க வாக்காளர் தயாராக இல்லை.

இதற்கு நேர்மாறானது ஃபிரேசர் ஆனிங் விவகாரம். செனட்டுக்குள் அவர் வந்தபோது பெயருக்கு நேராக விழுந்திருந்த முதல் விருப்ப வாக்குகள் 19. கட்சிக்காரர் ஒருவர் தகுதியிழந்ததால் கிடைத்த இடம் அது. 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் தொழுகைக்கு வந்தவர்களைச் சுட்டுக் கொன்ற அன்றே, பழியை முஸ்லிம் குடியேற்றத்தின் மேல் போட்டு அறிக்கை விட்டார். மறுநாள் மெல்பர்னில் ஒரு பதின்வயதுப் பையன் அவர் தலையில் முட்டை உடைத்தான். அவரை நீக்கச் சொல்லும் மனுவில் 14 லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் 1987 முதல் உறுப்பினரை வெளியேற்றும் அதிகாரம் இரு அவைகளுக்கும் கிடையாது. செனட் கண்டனத் தீர்மானம் போட்டது, அதற்கு மேல் அதனால் முடியாது. மே மாதத் தேர்தலில் வாக்காளர்கள் அவரை வெளியே அனுப்பினார்கள்.

அந்த டிசம்பரில் நாடு காட்டுத்தீயில் எரிந்துகொண்டிருந்தது. பிரதமர் மொரிசன் குடும்பத்தோடு ஹவாய்க்கு விடுமுறை போனார். அவர் எங்கே இருக்கிறார் என்று அவர் அலுவலகம் சரியாகச் சொல்லவில்லை, கோபம் அங்கிருந்துதான் தொடங்கியது. டிசம்பர் 19 இரவு நியூ சவுத் வேல்ஸில் இரண்டு தன்னார்வத் தீயணைப்பாளர்கள் இறந்தார்கள். மறுநாள் வானொலியில், தண்ணீர்க் குழாயைப் பிடிப்பது தன் வேலை இல்லை என்கிற மாதிரி பேசினார் பிரதமர். அந்த வாசகம் இன்றுவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. திரும்பி வந்து ஜனவரி 2-இல் எரிந்துபோன கொபார்கோ ஊருக்குப் போனார். ஒரு கர்ப்பிணிப் பெண் கை கொடுக்க மறுத்து, தீயணைப்புப் படைக்கு இன்னும் பணம் வேண்டும் என்று கேட்டார். மொரிசன் அவர் கையைத் தானே எடுத்துக் குலுக்கினார். ஒரு தீயணைப்பாளரும் கை கொடுக்கவில்லை. வேறு சிலர் காருக்குப் பின்னால் கத்தினார்கள். இந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர் நாட்டில் குறைவு. அந்தக் கோடையில் 33 பேர் தீயில் இறந்தார்கள், 3,000-க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. அரசு வராத இடத்தை ஆட்களே நிரப்பினார்கள். ஒரு நகைச்சுவைக் கலைஞர் ஃபேஸ்புக்கில் தொடங்கிய நிதித் திரட்டலில் மட்டும் 51 மில்லியன் டாலர் சேர்ந்தது.

பிறகு கோவிட் வந்தது, அரசின் மேல் நம்பிக்கை ஏறியது, எல்லோரும் ஹவாயை மறந்துவிட்டார்கள் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். மறக்கவில்லை. 2021 பிப்ரவரியில், நாடாளுமன்றத்துக்குள் ஒரு அமைச்சரின் அறையிலேயே தான் வன்புணர்வுக்கு ஆளானதாக முன்னாள் அரசியல் ஊழியர் பிரிட்டனி ஹிக்கின்ஸ் வெளிப்படையாகச் சொன்னார். ஒரே மாதத்தில், மார்ச் 15 அன்று, நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். கறுப்பு உடையில், பாட்டியும் பேத்தியுமாக வந்தார்கள். கான்பெராவில் நாடாளுமன்ற வாசலில் நின்ற கூட்டத்தைச் சந்திக்கப் பிரதமர் வெளியே வரவில்லை. உள்ளே பிரதிநிதிகளைப் பார்க்கிறேன் என்றார், அவர்கள் மறுத்தார்கள். அவையில் பேசும்போது, இங்கிருந்து அதிகத் தூரமில்லாத இடங்களில் இத்தகைய ஊர்வலங்களுக்குத் துப்பாக்கிக் குண்டு கிடைக்கிறது, இந்த நாட்டில் அப்படியில்லை என்றார். ஜனநாயகத்தைப் பாராட்டித்தான் சொன்னார். சுடாமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டுமா என்றுதான் கேட்டவர்களுக்குத் தோன்றியது. அந்த நவம்பரில் வந்த ஜென்கின்ஸ் அறிக்கை, நாடாளுமன்றப் பணியிடங்களில் மூவரில் ஒருவர் பாலியல் தொல்லைக்கு ஆளானதைக் கணக்கோடு காட்டியது.

இந்தக் கோபங்கள் எங்கே போயின என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. விக்டோரியாவின் வடகிழக்கில் இன்டை என்ற கிராமப்புறத் தொகுதி. அங்கே 2012-இல் சிலர் ஒருவர் வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நம் பிரதிநிதியிடம் நமக்கு என்ன வேண்டும் என்று பேசத் தொடங்கினார்கள். அது வீடு வீடாகப் பரவியது. 2013 தேர்தலில் கேத்தி மெக்கோவன் என்ற சுயேச்சை, லிபரல் கட்சியின் பலம் வாய்ந்த உறுப்பினரை 439 வாக்கில் வென்றார். அவருக்குப் பின் வந்த ஹெலன் ஹெய்ன்ஸ் தேசிய ஊழல் தடுப்பு ஆணையம் கேட்டுத் தனிநபர் மசோதாவே கொண்டுவந்தார். அதே முறையை 2022-இல் நகரங்கள் எடுத்துக்கொண்டன. தலைமுறை தலைமுறையாக லிபரல் கட்சிக்கே வாக்களித்த வசதியான புறநகர்கள் அவை. 'டீல்' எனப்படும் நீலப்பச்சை நிறத்தில் பிரச்சாரம் செய்ததால் 'டீல்' சுயேச்சைகள் என்று பெயர் வந்தது. காலநிலை, அரசியல் நேர்மை, பெண்களுக்கு மரியாதை என்ற மூன்றையும் கையில் எடுத்தார்கள். மே 21 இரவு கூயோங், கோல்ட்ஸ்டீன், வென்ட்வொர்த், வடக்கு சிட்னி, மக்கெல்லர், கர்ட்டின் என்று ஆறு கோட்டைகள் விழுந்தன, ஆறிலும் வென்றவர்கள் பெண்கள். ஹவாயும் மார்ச் 15-உம் அந்த வாக்குச்சீட்டுகளில் இருந்தன என்பதே என் கணிப்பு. ஆட்சிக்கு வந்த லேபர் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தை அந்த ஆண்டே நிறைவேற்றியது, 2023 ஜூலை 1-இல் ஆணையம் இயங்கத் தொடங்கியது. பகிரங்க விசாரணையை அசாதாரணச் சூழலில் மட்டுமே நடத்தலாம் என்று அதில் ஒரு பூட்டும் போட்டுவிட்டார்கள். சுயேச்சைகள் அதை எதிர்த்தார்கள், அவர்கள் சொன்னது சரி என்றே நினைக்கிறேன்.

தெருவில் திரளும் கூட்டத்தை வைத்து மட்டும் இந்த நாட்டை எடைபோட்டால் ஏமாந்துபோவோம் என்பதற்கு 1975-ஐவிடப் பெரிய சாட்சி இல்லை. எதிர்க்கட்சி கையில் இருந்த செனட் வரவுசெலவுக்கு ஒப்புதல் தராமல் இழுத்தடித்தது. நவம்பர் 11 அன்று, அரசியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் ஜான் கெர், மக்கள் தேர்ந்தெடுத்த பிரதமர் காஃப் விட்லத்தைப் பதவி நீக்கினார். நாடு முழுக்க ஊர்வலங்கள் நடந்தன. பொது வேலைநிறுத்தம் வரும் என்று பயந்தார்கள். தொழிற்சங்கத் தலைவராக இருந்த பாப் ஹாக், வேலைநிறுத்தம் வேண்டாம், ஒரு நாள் சம்பளத்தைத் தேர்தல் நிதிக்குக் கொடுங்கள் என்று அமைதிப்படுத்தினார். கோபத்தை அணையாமல் வைத்திருங்கள் என்று விட்லம் கேட்டுக்கொண்டார். ஆனால் டிசம்பர் 13 தேர்தலில் 127 இடங்களில் 91-ஐ மால்கம் ஃப்ரேசரின் கூட்டணி அள்ளியது. விலைவாசியும் வேலையின்மையும் விட்லம் அரசின் கடன் பேர ஊழலும், ஊர்வலத்துக்கு வராத வாக்காளர்களுக்குப் பெரிதாகப் பட்டிருந்தன. அப்படியென்றால் அந்தக் கோபம் பொய்யா? இல்லை. கெர் போன இடமெல்லாம் கூச்சலும் மறியலும் துரத்தின, 1977-இல் பதவியைத் துறந்தார். அந்த ஆண்டு மே மாதப் பொதுவாக்கெடுப்பில், காலியாகும் செனட் இடத்துக்கு அதே கட்சிக்காரரையே நியமிக்க வேண்டும் என்று சாசனத்தைத் திருத்தினார்கள். 1975 நெருக்கடிக்கு வழிவிட்ட ஓட்டைகளில் ஒன்று அது.

தமிழர்களுக்குத் தெரிந்த ஒரு கதையையும் சொல்லியாக வேண்டும். குயின்ஸ்லாந்தின் உள்பகுதியில் பிலோவீலா என்ற சிற்றூர். தனித்தனியாகப் படகில் வந்து இங்கே மணந்துகொண்ட ஒரு இலங்கைத் தமிழ்த் தம்பதி அங்கே வாழ்ந்தார்கள், கணவர் இறைச்சி ஆலையில் வேலை பார்த்தார், இரண்டு பெண் குழந்தைகள் இங்கேயே பிறந்தவர்கள். 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலையில் அதிகாரிகள் வந்து அவர்களைத் தடுப்புக்காவலுக்குக் கொண்டுபோனார்கள். படகில் வருபவர்களைத் திருப்பி அனுப்புவதில் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் வேறுபாடு குறைவு, வாக்காளர்களிலும் பெரும்பான்மையின் ஆதரவு அதற்கு இருந்தது. ஆனால் அந்த ஊர் எழுந்தது. பழமைவாதக் கூட்டணிக்கே வாக்களித்துப் பழகிய ஊர் அது. அங்கே இருந்த சில பெண்கள் நான்கு ஆண்டுகள் விடாமல் மனு எழுதினார்கள், அமைச்சர்களைத் துரத்தினார்கள், லட்சக்கணக்கில் கையெழுத்துச் சேர்த்தார்கள். 2019 ஆகஸ்டில் இலங்கைக்குக் கிளம்பிய விமானத்தை நீதிமன்றத் தடை டார்வினில் இறக்கியது. பிறகு குடும்பத்தைக் கிறிஸ்துமஸ் தீவில் வைத்தார்கள். இளைய குழந்தை கடுமையாக நோயுற்று 2021-இல் பெர்த்துக்குக் கொண்டுவரப்பட்டபோது நாடே அவர்கள் பெயரைச் சொன்னது. ஆட்சி மாறி ஒரு வாரத்துக்குள் விசா கிடைத்தது, 2022 ஜூனில் ஊர் திரும்பினார்கள். பிலோவீலா அடங்கிய ஃபிளின் தொகுதி அந்தத் தேர்தலிலும் பழமைவாதக் கூட்டணிக்கே போனது. கொள்கையாகப் பார்த்தபோது 'படகு மக்கள்' என்றவர்கள், முகமாகப் பார்த்தபோது 'எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்' என்றார்கள். இதில் எனக்கு நெகிழ்ச்சியும் உண்டு, வருத்தமும் உண்டு. அதே நாளில் அதே காவலில் இருந்த, எந்த ஊரும் குரல் கொடுக்காத மற்றவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

2022 ஆகஸ்டில் வெளிவந்த ரகசியப் பதவிகள் பற்றிச் சுருக்கமாக. மொரிசன் பிரதமராக இருந்தபோது சுகாதாரம், நிதி, கருவூலம் உட்பட ஐந்து துறைகளுக்கு யாருக்கும் தெரியாமல் தானும் அமைச்சராகப் பதவியேற்றிருந்தார். கருவூலத்தைக் கவனித்த சொந்தக் கட்சி அமைச்சருக்கே தெரியாது. முதலில் எழுந்தது சிரிப்பு. அவர் முகத்தை எல்லா வேலைக்காரர்கள் படத்திலும் ஒட்டி விளையாடினார்கள். ஆனால் சிரிப்போடு நிற்கவில்லை. முன்னாள் நீதிபதி வர்ஜினியா பெல் விசாரித்தார், நவம்பர் 30-இல் கீழவை 86-க்கு 50 என்று கண்டனம் தெரிவித்தது. முன்னாள் பிரதமர் ஒருவர் அப்படிக் கண்டிக்கப்பட்டது அதுவே முதல் முறை. அமைச்சர் நியமனங்களைப் பகிரங்கமாக அறிவிக்கச் சட்டமும் வந்தது.

எல்லாச் சர்ச்சையும் வாக்காக மாறும் என்று நினைத்துவிட வேண்டாம். 2024 அக்டோபரில், வாடகை வீடு கிடைக்காமல் மக்கள் திண்டாடும்போது, பிரதமர் ஆல்பனீசி கடலோரக் குன்றில் 4.3 மில்லியன் டாலருக்கு வீடு வாங்கினார். பப் டெஸ்டில் தேறாத காரியம், பல நாள் பேசினார்கள். ஏழு மாதம் கழித்து லேபர் 150 இடங்களில் 94-ஐப் பிடித்தது, எதிர்க்கட்சித் தலைவர் டட்டன் சொந்தத் தொகுதியையே இழந்தார். எதிரே நிற்பவர் யார் என்பதையும் வாக்காளர் பார்க்கிறார். அதே தேர்தலில் முதல் விருப்ப வாக்கில் மூன்றில் ஒரு பங்கு இரண்டு பெரிய கூடாரங்களுக்கும் வெளியே போனதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 94 இடம் என்பது மக்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்பதற்கான சான்று அல்ல.

நீங்கள் இங்கே வசிப்பவராக இருந்து, இன்னும் குடியுரிமை பெறவில்லை என்றால் ஒரு தகவல்: கீழவையின் இணையவழி மனுக்களில் கையெழுத்திடக் குடியுரிமை தேவையில்லை, ஆஸ்திரேலியாவில் வசித்தாலே போதும். தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பேசவும் எழுதவும் எந்தத் தடையும் கிடையாது. உறுப்பினர்களின் பயணச் செலவுக் கணக்கை, அந்தச் செலவுக் கண்காணிப்பு ஆணையத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உங்கள் தொகுதி உறுப்பினரின் கணக்கிலிருந்து தொடங்குங்கள்.